காத்திருக்கத் தெரிந்த தானியம்

ஓசூரை அடுத்த கெலமங்கலம் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே ஒரே உருண்டைக்கு மூன்று பெயர். தமிழ் பேசும் வீட்டில் களி, கன்னட வீட்டில் முத்தே, தெலுங்கு பேசும் எங்கள் வீட்டில் சங்கடி. பாட்டியை நாங்கள் அவ்வா என்போம். உலை கொதித்ததும் அவ்வா ராகி மாவைக் குவியலாகக் கொட்டுவாள். உடனே கிண்டமாட்டாள். துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே ஒரு துளை போட்டுவிட்டு, அதன் வழியே கொதி மேலே வரும்வரை அடுப்பெதிரே உட்கார்ந்திருப்பாள். மாவு வெந்த வாசனை வந்த பிறகுதான் பானையை இறக்கிக் கிண்டுவாள். ஈரக்கையால் உருட்டித் தட்டில் வைத்தால் பளபளவென்று நிற்கும். மெல்லக் கூடாது. கீரைக் கடைசலில் தோய்த்து விழுங்க வேண்டும்.

வாசலுக்கு எதிரே மண்ணுக்கடியில் ராகிக் குழி இருந்தது. ஓர் ஆள் இறங்கும் அளவுக்கு வாய், மேலே பலகைக்கல், அதன்மேல் மண் பூச்சு. குழியைத் திறந்ததும் யாரும் இறங்கமாட்டார்கள். முதலில் ஒரு விளக்கைக் கயிற்றில் கட்டி விடுவார்கள். அது அணையாமல் எரிந்தால்தான் ஆள் இறங்கலாம். ராகியைப் பூச்சி எளிதில் அண்டாது, ஆண்டுக்கணக்கில் கெடாது. அந்தக் குழி தாத்தாவுக்குக் கொடுத்திருந்த தைரியம் எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. வியாபாரி குறைந்த விலை சொன்னால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார். இன்று விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்குக் கிடையாது.

கொல்லையில் ராகி மட்டும் இருக்காது. சாலுக்குச் சால் அவரை, துவரை, ஓரத்தில் ஆமணக்கு, கொஞ்சம் கடுகு. மழை ராகியைக் கைவிட்டாலும் துவரையாவது நிற்கும். மார்கழிப் பனியில் அவரைக்காய் வாசனை ஊரையே தூக்கும். கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி வைக்கும் பிதுக்கம்பருப்புக் குழம்புக்கு இணையான ஒன்றை நான் இதுவரை எந்த ஊரிலும் சாப்பிட்டதில்லை.

எண்பதுகளில் ஓசூர் மாறியது. சிப்காட்டில் அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வரிசையாக வந்தன. அப்பாவும் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். மாதச் சம்பளம் எங்களைப் படிக்க வைத்தது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கேன்டீனில் வெள்ளைச் சோறு தின்று பழகியவர்களுக்குக் களி கிழவிகளின் சாப்பாடாகிவிட்டது. குழியையும் மூடினோம். சித்தப்பா போர்வெல் போட்டுத் தக்காளிக்கு மாறினார்.

தக்காளிக்குக் காத்திருக்கத் தெரியாது. பழுத்தால் அன்றைக்கே ராயக்கோட்டை மண்டிக்குப் போயாக வேண்டும். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டிய அதே தக்காளி, இரண்டே மாதத்தில் பறிகூலிக்கும் கட்டாத விலைக்கு வந்துவிட்டது. அப்படியொரு வருஷம், எங்கள் வீட்டுத் தக்காளியை மாட்டுக்குக் கொட்டிவிட்டுச் சித்தப்பா திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். பசுமைக்குடில் ரோஜாவும் அப்படித்தான், குளிர்சாதனக் கிடங்கு வைத்திருப்பவருக்குத்தான் அது கட்டும். தண்ணீரையும் சொல்ல வேண்டும். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் நுரை நுரையாகப் பொங்குகிறது. பாசனத்துக்கும் அதுதான் பாய்கிறது. உள்ளூர்க் காய் வேண்டும் என்று கேட்டு வாங்குகிறவர்கள் அது எந்தத் தண்ணீரில் விளைந்தது என்றும் கேட்க வேண்டும். மானாவாரி ராகிக்கு வானத்துத் தண்ணீர் போதும்.

2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதே ஆண்டு நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசியில் இரண்டு கிலோவுக்குப் பதிலாக ராகி கொடுக்கத் தொடங்கினார்கள். நல்ல காரியம், எல்லா மாவட்டத்துக்கும் வர வேண்டும். 2025-26க்கு ராகியின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். ஆனால் இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர் ஆடியில் உழவுக்கும் களையெடுப்புக்கும் கடன் வாங்கியிருந்தால், அறுத்த வாரமே களத்தில் நிற்பவரிடம் கேட்ட விலைக்கு அளந்துவிடுகிறார். தானியம் காத்திருக்கும், கடன் காத்திருக்காது.

எங்கள் பழைய கொல்லையை ஒட்டி ஓர் அக்கா இன்னும் ராகி போடுகிறார். சுற்றிலும் மனைக் கற்கள் நட்டாகிவிட்டது. நான் இருக்கும் ஓசூர் குடியிருப்பில் ஆறு வீடுகள் சேர்ந்து அவரிடம் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஆடியில் விதைக்கும்போதே பாதிப் பணம், அறுத்துத் தூற்றிய பிறகு மீதி. வருஷத்து ராகியும் அவரையும் எங்களுக்கு. விலையை அவரே சொல்வார். முதல் வருஷம் போரடிக்கும் நாளில் போயிருந்தேன். மாடு பூட்டி உருளைக்கல் ஓட்டிய களம் இப்போது இல்லை. கதிரைத் தார்ச்சாலையில் பரப்பியிருந்தார்கள். ஷிப்ட் முடிந்து வந்த கம்பெனி பஸ்கள் அதன்மேல் ஏறிப் போயின. டயர் போன தடத்தில் ராகி உதிர்ந்து செம்மணலாகக் கிடந்தது. வண்டி வராத நொடியில் அக்கா ஓடிப்போய்த் துடைப்பத்தால் கூட்டி ஓரம் தள்ளினார். பார்க்கப் பார்க்க நெஞ்சு பதறியது. ஊருக்கு ஒரு நல்ல களம் கட்டிக் கொடுப்பது அவ்வளவு பெரிய காரியமா?

போன வருஷம் கார்த்திகையில் ஒரு விடியற்காலை அவரிடமிருந்து போன் வந்தது. பன்னார்கட்டாவிலிருந்து ஆண்டுதோறும் சானமாவுக் காட்டுக்கு வரும் யானைக் கூட்டம் கொல்லையில் இறங்கியிருந்தது. ராகி பால் பிடித்து முற்றும் காலம்தான் அவற்றுக்கும் காலம்.

“பாதிக் கொல்லை போச்சு தம்பி. உங்க பணத்தைத் தையில திருப்பிக் குடுத்துடறேன்.”

“பணம் இருக்கட்டும்கா. பரண்மேல யாரும் இல்லையே?”

“இல்ல. பட்டாசு வெடிச்சோம், போகல.”

ஆறு வீட்டாரும் மாடியில் கூடிப் பேசினோம். யாரும் பணத்தைத் திரும்பக் கேட்கவில்லை. கிடைத்த ராகியை ஆறாகப் பிரித்துக்கொள்வதென்று முடிவானது. மார்கழியில் அக்கா மூட்டையோடு பஸ்ஸில் வந்து இறங்கினார். கூடவே ஒரு கூடை அவரைக்காய், மிதிபட்டது போக நின்ற செடிகளில் பறித்தது. சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து காயை உரித்தோம். மூன்றாம் மாடிப் பெண்ணுக்கு ஊர் பீகார். மறுநாள் ஊறிய கொட்டையை அவள் விரலிடுக்கில் வைத்துப் பிதுக்கியதும் பருப்பு வழுக்கித் துள்ளி அக்காவின் மடியில் விழுந்ததாக, முந்தைய இரவு எங்கள் குடியிருப்பிலேயே தங்கிவிட்ட அக்கா போகும்போது சிரித்துச் சிரித்துச் சொன்னார்.