மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்குப் பறப்பது எப்படி?

கலியாண வீடோ, நேர்த்திக்கடனோ, கன காலமாகக் காணாத மாமியோ, காரணம் எதுவாகவும் இருக்கட்டும். இராமேஸ்வரம் போவதென்று முடிவெடுத்த மன்னார்க்காரர் முதலில் மேற்குப் பக்கம் பார்ப்பதை நிறுத்த வேண்டும். தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி 30 கிலோமீட்டர்தான் என்பது உண்மையே. ஆனால் பயணத்துக்கு அது உதவாது, மனத்தைக் குழப்புவதோடு சரி. மன்னாரில் பயணிகள் விமானம் வந்துபோகும் நிலையம் கிடையாது. இராமேஸ்வரத்திலும் கிடையாது. ஆகவே நீங்கள் வெளிக்கிட வேண்டிய திசை தெற்கு.

கடவுச்சீட்டு இல்லாதவர்கள் அதிலிருந்து தொடங்குங்கள். வவுனியாவில் கிளை அலுவலகம் இருக்கிறது. அவசரம் என்றால் பத்தரமுல்லை. 2024இல் வெற்றுப் புத்தகங்களுக்குத் தட்டுப்பாடு வந்து, பத்தரமுல்லையில் சனம் இரவிரவாக வரிசையில் நின்றது. அந்த வரிசையில் நின்றவர்களுக்கு அதற்குப் பிறகு எந்த விமான நிலைய வரிசையும் பெரிதாகத் தெரியாது. இதைப் பயிற்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய வீசாவுக்கு இணையத்தில் விண்ணப்பிக்கலாம். எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதுங்கள். தாத்தா எங்கே பிறந்தார் என்று எண்ணிப் பெருமூச்சு விடாதீர்கள், படிவத்தில் அதற்கு இடமில்லை.

அடுத்தது பஸ். மன்னாரிலிருந்து மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம், சிலாபம், நீர்கொழும்பு என்று வளைந்து கட்டுநாயக்க போய்ச் சேர ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வரைபடத்தைப் பார்த்தால் சிலாவத்துறையால் கரையோரமாக இறங்கி, வில்பத்துக் காட்டுக்குள்ளால் புத்தளம் போய்விடலாம் போல இருக்கும். அந்தப் பாதையைத் திறப்பதா வேண்டாமா என்ற வாதம் பல வருடமாக நடக்கிறது. அது முடியும்வரை காத்திருந்தால் விமானம் போய்விடும். ரயில் ஓடுகிற காலமென்றால் தலைமன்னாரில் ஏறிக் கொழும்புக் கோட்டையில் இறங்கி, அங்கிருந்து நீர்கொழும்புப் பக்கம் திரும்பி வரலாம். வசதியுள்ளவர்கள் வான் பிடிப்பார்கள். வானில் பயணம் போகிறவர் ஒருவர், வழியனுப்புகிறவர்கள் எட்டுப் பேர், வழியனுப்புகிறவர்களின் பிள்ளைகள். இவர்களில் உள்ளே போவது ஒருவர் மட்டும்தான். மற்றவர்கள் வெளியே நின்று கண்ணைத் துடைத்துவிட்டு, திரும்பும் வழியில் நீர்கொழும்புக் கடற்கரையில் சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள். குவைத்துக்கும் கட்டாருக்கும் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளுக்கு இந்த நடைமுறை மனப்பாடம். புதிதாகப் போகிறவர்கள் அவர்களிடம் கேட்டுக்கொள்ளலாம்.

கருவாடு பற்றி ஒரு வார்த்தை. இராமேஸ்வரத்து மாமி மன்னார்க் கருவாடு கேட்டிருப்பார். இராமேஸ்வரத்திலும் கருவாடு உண்டு, இரண்டும் ஒரே கடலின் மீன் என்றெல்லாம் அவருக்கு விளக்கப் போகாதீர்கள். நான்கு பொலித்தீன் பை, அதன்மேல் பழைய பேப்பர், அதன்மேல் ஒரு சாரம் சுற்றிக் கட்டுங்கள். ஒடியலும் பனங்கட்டியும் பக்கத்தில் இருந்தால் மணம் கொஞ்சம் அடங்கும். சுங்கத்தில் பெட்டியைத் திறந்தால் அடங்காது.

இனி முக்கியமான கட்டம், இருக்கை தெரிவு. சென்னை விமானத்தில் இடது பக்க யன்னலோரம் கேட்டு வாங்குங்கள். வரைபடத்தில் கட்டுநாயக்கவில் அடிமட்டத்தை வைத்துச் சென்னைக்கு ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். கோடு ஏறக்குறைய நேர் வடக்கே ஏறி, மன்னார் நகரத்துக்குச் சில கிலோமீட்டர் கிழக்கால் போகும். அதாவது ஒரு பகலோ ஓர் இரவோ செலவழித்து எந்த இடத்திலிருந்து தப்பி வந்தீர்களோ, அந்த இடத்துக்கு மேலால் உங்களைத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். விமானம் கிளம்பி இருபது நிமிடமளவில் கீழே பாருங்கள். மன்னார்த் தீவு தனுஷ்கோடியை நோக்கி நீட்டிய விரலாகத் தெரியும். அதன் நுனியிலிருந்து மணல்திட்டுகள், அடியில் தாம்போதி, தென்கரையில் காற்றாலைகள். பஸ்ஸில் எட்டு மணித்தியாலம், ஆகாயத்தில் இருபது நிமிடம். அந்த நேரம் பார்த்துத்தான் பணிப்பெண் தேநீரா கோப்பியா என்று கேட்பார். கேட்கட்டும், வீட்டுக்கூரையைத் தேடுங்கள். விமானி அன்றைக்கு வேறு தடம் பிடித்திருந்தால் கோப்பியே மிச்சம். திரும்பி வரும்போது வலது பக்கம் என்பதை மறக்க வேண்டாம்.

சென்னையில் இறங்கியதும் குடிவரவு அதிகாரியிடம் நடக்கக்கூடிய உரையாடலை முன்கூட்டியே ஒத்திகை பார்த்துவிடுவது நல்லது.

“எந்த ஊருங்க?”

“மன்னார், ஐயா.”

“மன்னார்குடியா?”

“இல்லை, மன்னார். இலங்கை.”

“எங்க போறீங்க?”

“இராமேஸ்வரம்.”

“அது உங்க ஊருக்கு எதுத்தாப்பலதானே இருக்கு? அப்புறம் எதுக்குச் சென்னைக்கு வந்தீங்க?”

இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் சொல்ல வெளிக்கிட்டால் 1964இலிருந்து தொடங்க வேண்டும். பின்னால் நிற்கிறவர்கள் பொறுக்கமாட்டார்கள். “கோயிலுக்கு” என்று மட்டும் சொல்லுங்கள். முத்திரை விழும்.

எழும்பூரில் இராமேஸ்வரம் ரயில் ஏறுங்கள். இரவு வண்டிகளில் ஒன்றை இன்றைக்கும் ‘போட் மெயில்’ என்றே சொல்கிறார்கள். போட் கிடையாது, பெயர் மட்டும் பழைய ரிக்கற்றில் ஓடுகிறது. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும், சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னார் இறங்குதுறைக்கு நீராவிக் கப்பல், பிறகு கொழும்பு வரை மறுபடி ரயில் என்று ஒரே தொடராகப் போக முடிந்தது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதன்பிறகு கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது. எண்பதுகளில் யுத்தம் வந்து அதையும் நிறுத்தியது. யுத்தம் முடிந்து, 2015 மார்ச் 14ஆம் திகதி இந்தியப் பிரதமர் மோடி நேரில் வந்து தலைமன்னாருக்கான ரயிலுக்குக் கொடி அசைத்தார். அந்தப் பக்கத்தில் 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலத்தையும் அவரே திறந்தார். இரண்டு கரையிலும் தண்டவாளம் பளபளவென்று இருக்கிறது. நடுவில் உள்ள 30 கிலோமீட்டருக்கு மட்டும் யாரும் இன்னும் கத்தரிக்கோல் கொண்டுவரவில்லை.

கணக்குப் பார்க்கிறவர்களுக்கு: மன்னார் – கட்டுநாயக்க 300, கட்டுநாயக்க – சென்னை 650, சென்னை – இராமேஸ்வரம் 600. மொத்தம் 1500 கிலோமீட்டருக்கு மேல். சிக்கனக்காரர்கள் கொழும்பிலிருந்து மதுரைக்குப் பறந்தால் ஏறத்தாழ பாதியாகக் குறைக்கலாம். அதுவும் மன்னார் வளைகுடாவுக்கு மேலால்தான். நீங்கள் பஸ்ஸில் வந்த திசைக்கே திரும்பிப் போகிறீர்கள் என்பது மாறாது.

தெற்கே போக மனம் ஒப்பாதவர்களுக்குப் பலாலி இருக்கிறது. பூநகரி வழியாகப் போய், 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்தைத் தாண்டினால் யாழ்ப்பாணம். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப்படை போட்ட ஓடுபாதை பலாலியுடையது. கட்டுநாயக்கவும் அந்தப் போரில் பிறந்ததுதான். ஓர் ஊருக்கு விமான நிலையம் வேண்டுமென்றால் முதலில் யாராவது அங்கிருந்து குண்டு போடப் புறப்பட வேண்டும்போலும். பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் அலையன்ஸ் எயாரின் சிறிய ஏ.டி.ஆர். விமானம் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. மார்ச்சில் கொரோனா வந்து மூடியது. 2022 டிசம்பரில் மறுபடி திறந்தது. 2024இல் இன்டிகோ சேர்ந்தது, 2025 மார்ச்சில் திருச்சிக்கும் சேவை வந்தது. பலாலி – திருச்சி பிடித்தால் மொத்தம் 550 கிலோமீட்டர் சொச்சத்தில் மாமி வீட்டு வாசல். விமானப் பயண வரலாற்றில் மன்னாருக்குக் கிடைத்த மிகப் பெரிய முன்னேற்றம் இது, அதை நான் பகிடியாகச் சொல்லவில்லை. கப்பல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு 2023இலிருந்து காங்கேசன்துறை – நாகபட்டினம் இருக்கிறது. தலைமன்னார் இறங்குதுறையைப் பற்றி அவர்களிடமும் கேட்காதீர்கள்.

பலாலிக்கும் கொழும்புக்கும் இடையிலான வான்வழியைப் பற்றி எழுதும்போது ஒன்றை விட்டுவிட முடியாது. 1998 செப்டம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் அன்ரனோவ் விமானம் மன்னார்க் கடலுக்கு மேலே சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் 55 பேர் இருந்தார்கள். ஊருக்குப் போய்த் திரும்பிய சனமே அதில் பெரும்பாலும். இரணைதீவுக்கு அருகே கடலடியில் அதன் பாகங்கள் 2012இல்தான் கண்டெடுக்கப்பட்டன. எண்பதுகளில் தொடங்கி, மன்னார்க் கரையிலிருந்து இரவில் படகேறி மண்டபம் முகாமில் இறங்கியவர்கள் வேறு. அந்த வழிக்கு யாரும் வழிகாட்டி எழுதக்கூடாது.

“இவ்வளவு பாடுபடுவதை விட மன்னாரிலேயே ஒரு விமான நிலையம் கேட்டால் என்ன?” என்று கூட்டங்களில் யாராவது எழும்பிக் கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் கேட்கிறதைக் கவனமாகக் கேட்க வேண்டும். அம்பாந்தோட்டைக்கு அப்படித்தான் 2013 மார்ச்சில் மத்தளையைக் கொடுத்தார்கள். இருபது கோடி டொலருக்கு மேல் செலவு. விமானங்கள் வராததால் அதன் களஞ்சியங்களில் நெல்லு மூட்டை அடுக்கினார்கள். பயணிகள் இல்லாத இடத்தில் ஓடுபாதை, ஓடுபாதை இல்லாத இடத்தில் பயணிகள்: இலங்கைத் திட்டமிடலில் இரண்டுமே ஒரே அலுவலகத்தில் தயாராவதுபோலத்தான் படுகிறது. மன்னாருக்கு ஒரு மத்தளை கிடைத்தால் அதில் அடுக்க நெல்லுக்குப் பஞ்சமில்லை, கட்டுக்கரைக் குளத்து வயல்கள் பார்த்துக்கொள்ளும்.

மன்னாரில் வான் போக்குவரத்தே இல்லை என்றும் சொல்லிவிடாதீர்கள். ரேடார்கூட இருக்கிறது. 2020 கடைசியில் தொடங்கிய ‘தம்பபவனி’ காற்றாலையில் 30 சுழலிகள், 103.5 மெகாவாற். வங்காலைப் பக்கம் மாரிகாலத்தில் வந்திறங்கும் பூநாரைகளும் தாராக்களும் அவற்றில் அடிபடாமலிருக்கப் பறவை ரேடார் வைத்தார்கள். கூட்டம் கிட்டே வந்தால் சுழலியை நிறுத்துவது ஏற்பாடு. மத்திய ஆசியாவிலிருந்து வரும் தாராவுக்கு எந்த ஓடுபாதை காலியாக இருக்கிறதென்று பார்க்க மன்னாரில் ஏற்பாடு உண்டு. பள்ளிமுனையிலிருந்து வரும் ஆளுக்கு மதவாச்சி பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்லத்தான் ஆளில்லை.

கடைசியாக வரலாறு. குடிவரவு வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்ல உதவும். 1938இல் டாட்டாவின் தபால் விமானம் சென்னை, திருச்சி வழியாகக் கொழும்புக்கு வரத் தொடங்கியது. சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முந்தி, 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தது. அன்றைய டக்கோட்டாவின் பெயர் ‘சீதா தேவி’. சீதையை இலங்கையிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பிக் கொண்டுபோய் விடும் பொறுப்பை ஒரு விமானக் கம்பனி அதற்கு முன்பும் பின்பும் இவ்வளவு பொருத்தமாக நிறைவேற்றியதில்லை. அந்தப் பயணத்துக்கும் அடிமட்டம் வைத்தால் கோடு மன்னார்க் கரையை ஒட்டியே போகிறது. சீதாதேவியும் மன்னாரில் நிற்கவில்லை.

அவளை இங்கே கொண்டுவந்த விமானம் பற்றி அரசாங்கத்துக்கே ஆர்வம் உண்டு. 2020 ஜூலையில் விமானப் போக்குவரத்து அமைச்சு பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது: இராவணன் காலத்து ஆகாய மார்க்கங்களை ஆராய்கிறோம், ஏடோ புத்தகமோ வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள் என்று. அதன் தவணை எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஏடு ஏதாவது கிடந்தால் தட்டித் துடைத்துப் பாருங்கள். புஷ்பக விமானம் மன்னாரில் ஒரு தரமாவது நின்று ஆள் ஏற்றியதாக ஒரு வரி அகப்பட்டால் போதும். மாவட்டச் செயலகத்தில் மனுக் கொடுக்கலாம். புதிய சேவை கேட்டால்தானே ஆயிரம் நொட்டை சொல்வார்கள். இடைநிறுத்திய சேவையை மீண்டும் ஆரம்பிக்கும்படி கேளுங்கள்.