இரண்டு பக்கத்துக்குள் வன்னி

உளவியலில் பட்டப்பின் படிப்புக்கு விண்ணப்பிக்கும், இலங்கையின் வன்னியைச் சேர்ந்த மாணவர் இரு தேர்வுக் குழுக்களின் முன் நிற்கிறார். ஒன்று கடல் கடந்த பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, மற்றையது கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ வீட்டு விறாந்தையில் தேநீர்க் கோப்பையுடன் அமர்ந்திருக்கிறது. மனநல மருத்துவர் என்பவர் மருத்துவப் பட்டம் பெற்று மருந்து எழுதுபவர் என்றும், மருத்துவ உளவியலாளர் என்பவர் மருந்தின்றிச் சோதனைகளாலும் உரையாடலாலும் சிகிச்சை அளிப்பவர் என்றும் மாணவர் எவ்வளவு தெளிவாக விளக்கினாலும், "கதைக்கிறதுக்கு ஆறு வருசம் படிக்க வேணுமோ?" என்று பெரியப்பா ஒருவர் கேட்கும் கேள்விக்கு எந்தப் பாடநூலும் இதுவரை விடை தந்ததில்லை.

ஆறு வருடம் என்பது மிகையன்று, ஆனால் எல்லா வழிக்கும் அது வேண்டியதில்லை. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ உளவியல் முதுதத்துவமாணியும், இந்திய அரசின் புலமைப்பரிசிலோடு கற்கக்கூடிய முதுமாணியும் அதைவிட விரைவில் முடிபவை. அமெரிக்கக் கலாநிதிப் பட்டமோ ஐந்தாறு ஆண்டுகளை விழுங்கினாலும், பெரும்பாலும் உதவித்தொகையோடு வருவதால், காணி ஈடு வைக்க விரும்பாத குடும்பங்களின் கண் அங்கேயே செல்கிறது.

அதற்கான விண்ணப்பத்தின் உயிர்நிலை நோக்கக் கூற்று, அதாவது இத்துறை ஏன், இப்பல்கலைக்கழகம் ஏன் என்று விண்ணப்பதாரர் தம்மைப் பற்றித் தாமே எழுதும், பெரும்பாலும் இரண்டு பக்கத்தைத் தாண்டக் கூடாத கட்டுரை. நல்ல விண்ணப்பத்தையும் கவிழ்த்துவிடுபவை எவை என்று உளவியல் துறைகளின் தேர்வுக் குழுத் தலைவர்களையே கேட்டு, ட்ரூ ஆப்பிள்பி, கேரன் ஆப்பிள்பி ஆகிய இருவரும் 2006 இல் வெளியிட்ட கட்டுரை, அத்தகைய பிழைகளை 'மரண முத்தங்கள்' என அழைத்தது. விண்ணப்பதாரர் தம் சொந்த மனநலத் துன்பத்தைச் சொல்வது, தம்மை அளவுக்கு மீறித் திறந்து காட்டுவது, பிறருக்கு உதவும் ஆவலைக் கொட்டித் தீர்ப்பது ஆகிய மூன்றும் அப்பட்டியலில் உள்ளன. இம்மூன்றையும் நீக்கினால் வன்னி மாணவரின் முதல் வரைவில் எஞ்சுவது அவருடைய பெயரும் பிறந்த திகதியுமே.

முதல் வரைவில் போர்க்கால இடப்பெயர்வின் வழியே பரந்தன், தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன் என்று ஊர்கள் வரிசையாக வரும்; செட்டிகுளம் மெனிக் பாம் முகாமுக்கு மட்டும் ஒரு பந்தி இருக்கும். மூன்றாம் வரைவில் அது "குடும்பம் சில தடவைகள் இடம் மாறியது" என்று சுருங்கிவிட, தந்தையார் வங்கி முகாமையாளராக இருந்து இடமாற்றம் பெற்றவர் போலும் என்று வாசிப்பவர் எண்ண இடமுண்டு. இதற்குக் கைவந்த வழி ஒன்று உண்டு. மனநல மருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 2010 இல் வன்னியின் கூட்டு மனவடுவை, அதாவது தனியாளோடு நில்லாமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே தாக்கும் உளக்காயத்தை ஆராய்ந்து எழுதினார். மாணவர் தம் கதையைத் தாமே சொன்னால் அது அளவுமீறிய தன்வெளிப்பாடு. அதே கதையைப் பேராசிரியரை மேற்கோள் காட்டிச் சொன்னால் அது இலக்கிய மீளாய்வு. ஆய்வின் பொருளாக ஒன்பது வயதில் இருந்தவர் ஆய்வாளராகும்போது முதலில் கற்கும் ஒழுக்கம், தம்மை அடைப்புக்குறிக்குள் போட்டு ஆண்டு குறிப்பதே.

சிபாரிசுக் கடிதங்களிலும் மரண முத்தத்துக்கு இடமுண்டு. மாணவரின் கல்வித் திறனை அறியாதவர் எழுதும் கடிதம் பயனற்றது என்று குழுக்கள் கருத, வன்னியிலோ கிராம அலுவலர், பங்குத்தந்தை, கோயில் தலைவர் ஆகியோர் கேட்காமலே தரும் நற்சான்றிதழ்கள், விண்ணப்பதாரர் எந்தக் குற்றச்செயலிலும் ஈடுபட்டவரல்லர் என்று உறுதிகூறுகின்றன. கோவையில் அடுத்து இருப்பவை 2009 இல் போர் முடிந்த பின் நடந்த மூன்று நாள் உளவளத்துணைப் பயிற்சிகளின் சான்றிதழ்கள். பந்தை எறிந்து பெயர் சொல்லும் விளையாட்டில் வன்னியார் உலகத் தரம் எய்தியிருப்பதற்கு இவையே சான்று. விரிவுரையாளரோ, "நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் கையெழுத்து வைக்கிறன்" என்பார். சிபாரிசுப் படிவத்தில் மாணவரை முதல் ஐந்து சதவீதத்தினுள் அடக்கும் பெட்டி இருக்க, அடக்கமாக வளர்ந்த பிள்ளை இரண்டாவது பெட்டியில் சரி போட்டுக்கொள்ளும்.

அமெரிக்கப் பட்டப்பின் படிப்புக்கான நுழைவுப் பரீட்சையான ஜீ.ஆர்.ஈ.யைப் பல துறைகள் இப்போது கைவிட்டுவிட்டதால் அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விண்ணப்பத்தின் இறுதித் திகதி பெரும்பாலும் டிசம்பர் 1. வன்னியில் அது காலபோக மழையும் மின்தடையும் கூடும் காலம். எனினும் அமெரிக்கக் கிழக்குக் கரையின் நள்ளிரவு இலங்கையில் மறுநாள் காலை 10.30 என்பதால், கொமினிகேசன் கடை திறந்த பின்னும் இரண்டரை மணி நேரம் மிஞ்சும். விண்ணப்பக் கட்டணத்துக்குக் கடனட்டை வேண்டும்; அது ரொறன்ரோவிலுள்ள சித்தப்பாவிடம் இருக்கிறது; அங்கேயும் அதே நள்ளிரவு. தூக்கத்திலிருந்து எழும்பியவர் மூக்குக் கண்ணாடி இன்றி அட்டையின் பின்புற இலக்கங்களை வாசிப்பதும், மூன்று எட்டாகத் தெரிவதும், பக்கம் காலாவதியாகி எல்லாவற்றையும் மீண்டும் நிரப்பச் சொல்வதும் பொதுவாகப் பத்தே காலுக்குப் பிறகே நிகழ்கின்றன.