கிளம்பாமை இலக்கணம்

'கிளம்பு' என்னும் வினைக்குத் தமிழில் முக்கியமாக மூன்று எழுவாய்கள் உண்டு: குடும்பம், பேருந்து, இஞ்சின். மூன்றிலும் கிளம்பாமையே இயல்பு, கிளம்புதல் விகாரம். குடும்பத்தின் கிளம்பாமை பற்றி வீட்டுக்கு வீடு வாய்மொழி இலக்கியம் குவிந்து கிடக்கிறது. பேருந்தைப் பற்றி எழுதினால் நடத்துநர் கோபித்துக்கொள்வார். எனவே மூன்றாவதில் ஒரு சிற்றினத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்: ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகருக்கு அருகே, என் வீட்டு கராஜில் நிற்கும் ரைடிங் மோவர்.

இதற்குத் தமிழில் 'அமர்ந்தூர் புல்லரி' எனப் பெயரிட்டு, ஒரு மாதம் பிடிவாதமாக வழங்கிப் பார்த்தேன். ஏதோ கிராமத்தின் பெயர் என்று நினைத்து, எந்தத் தாலுகா என்று கேட்டார் ஒரு நண்பர். ஆகவே மோவர்.

ஆய்வுக்களம் அரை ஏக்கர். லால்குடியிலிருந்து எங்களோடு தங்க வந்திருந்த அப்பாவின் கணக்கில் 50 சென்ட். "அம்பது சென்டுல புல்லை வளத்து, அதை வண்டி வெச்சு அறுத்து, ஒரு மாட்டுக்கும் போடாம விட்டுடறீங்களாடா?" என்று அவர் கேட்ட கேள்வி இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. இங்கே புல்லை வளர விட முடியாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். 8 அல்லது 10 அங்குலம் தாண்டினால் நோட்டீஸ் அனுப்பும் நகராட்சிகள் பல.

வரலாறு சுருக்கமானது. 1830-இல் இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியைச் சேர்ந்த எட்வின் பட்டிங் முதல் மோவருக்குக் காப்புரிமை பெற்றார். கம்பளித் துணியின்மேல் துருத்தும் இழைகளைச் சீவும் ஆலை இயந்திரத்தைப் பார்த்து, புல்லையும் இப்படிச் சீவினால் என்ன என்று அவருக்குத் தோன்றியதாம். அது தள்ளும் வண்டி. தள்ளுகிறவன் கிளம்பினால் அதுவும் கிளம்பும். பிற்காலத்தார் அதற்கு இஞ்சினையும், இஞ்சினுக்கு மேல் ஓர் இருக்கையையும் வைத்ததிலிருந்துதான் நம் துறை தோன்றுகிறது.

அந்த இருக்கையே இத்துறையின் மூலச் சிக்கல். என் மோவர் கிளம்ப மூன்று சம்மதங்கள் வேண்டும். ஆள் இருக்கையில் அமர்ந்திருக்க வேண்டும். பிரேக் பெடல் மிதிபட்டிருக்க வேண்டும். கத்தியைச் சுழற்றும் சுவிட்ச் அணைந்திருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன சுவிட்ச் காவல் நிற்கிறது. ஒன்று மறுத்தாலும் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகாது. ஓடும் கத்திக்கு முன்னால் மனிதன் இறங்கி நிற்கக்கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. குறை சொல்ல இடமில்லை.

அஃதேல், ஏன் கிளம்பவில்லை என்று பார்க்க விரும்புகிறவன் எங்கே இருப்பான் எனின், வண்டிக்கு அடியில் இருப்பான். அடியில் இருப்பவன் இருக்கையில் இல்லை. இருக்கையில் ஆள் இல்லாததால் வண்டி கிளம்பாது. ஆகவே அடியில் படுத்து எதைச் சரிசெய்தாலும் சரியாகிவிட்டதா என்று தெரியாது. எழுந்து, துடைத்துக்கொண்டு, ஏறி உட்கார்ந்து, திருகி, இறங்கி, மறுபடி படுக்க வேண்டும். இருக்கையில் ஒரு மூட்டை அரிசியை வைக்கலாம் என்பர் ஒரு சாரார். மூட்டை பிரேக்கை மிதிக்காது என்பதை அவர்கள் கருதவில்லை.

இனி ஓசை இயல். சாவியைத் திருகினால் எழும் ஒலியே நோயின் பெயர். ஆறு வசந்தங்களின் கள ஆய்வில் நான் பதிவு செய்தவை இவை.

முதலாவது மௌனம். ஒன்றுமே கேட்காது. பேட்டரி முற்றாக இறந்திருக்கலாம், ஃபியூஸ் போயிருக்கலாம், மேற்சொன்ன மூன்று காவலர்களில் ஒருவர் மறுத்திருக்கலாம். பொருள் மிகுந்த ஒலி இதுதான். குடும்பத்திலும் அப்படியே.

அடுத்தது 'டகடக'. இது இரட்டைக்கிளவி. இரட்டைக்கிளவியைப் பிரித்தால் பொருள் தராது என்று பள்ளியிலே படித்தோம். மோவர் அந்த விதியை மீறுகிறது. 'டகடக' என்றால் பேட்டரியில் உயிர் குறைவு: ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சொலினாய்டு பிடிக்கிறது, ஸ்டார்ட்டர் கரன்டை இழுத்ததும் வோல்டேஜ் விழுகிறது, பிடி விடுகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி பிடிக்கிறது. முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்ட வேண்டிய பேட்டரி, குளிர்காலம் முழுக்கக் கிடந்தால் இந்தக் கதிக்கு வரும். ஆனால் பிரித்து ஒரே ஒரு 'டக்' மட்டும் சொன்னால் பொருளே வேறு. சொலினாய்டின் உள்தொடுப்பு தேய்ந்திருக்கிறது, அல்லது ஸ்டார்ட்டர் இறுகியிருக்கிறது, அல்லது பேட்டரி முனையில் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்திருக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துத் தேய்த்தால் அந்த உப்பு போகும். தொல்காப்பியர் காலத்தில் சொலினாய்டு இல்லாததால் இவ்விதிவிலக்கு அவர் கண்ணில் படவில்லை.

மூன்றாவது 'கிர்ர்ர் கிர்ர்ர்'. மின்சாரத்தில் குற்றமில்லை, இஞ்சின் சுற்றுகிறது, தீ பிடிக்கவில்லை. பெட்ரோலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். இங்கே விற்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால். அது காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். போன அக்டோபரில் டாங்கியில் விட்டது ஏப்ரலுக்குள் கெட்டு, கார்புரேட்டரின் ஊசித்துளையில் பிசினாக ஒட்டியிருக்கும். அதோடு, இவ்வூரில் பெட்ரோலுக்குப் பெயர் 'கேஸ்'. "கேஸ் கெட்டுப்போச்சுப்பா" என்று நான் சொன்னதும் அப்பா ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்.

நான்காவது அரிதானது: 'கிர்—டொக்'. அரைச் சுற்று சுற்றி, சுவரில் முட்டியதுபோல் நின்றுவிடும். எல்லாரும் பேட்டரியை மாற்றுவார்கள். நானும் மாற்றினேன். புதிய பேட்டரியும் 'கிர்—டொக்' என்றது. இரண்டு வருடம் முன்பு இந்த ஒலியை வாட்ஸ்அப்பில் பதிவு செய்து லால்குடிக்கு அனுப்பினேன். நாற்பது வருடம் வயலில் ஆயில் இஞ்சினோடு மல்லுக்கட்டியவர் அப்பா. ஐந்து நிமிடத்தில் அழைத்தார்.

"பிஸ்டன் மேல போறப்ப காத்து அடைக்குதுடா. நம்ம ஆயில் இஞ்சின் தலையில ஒரு லிவர் இருக்கும், ஞாபகம் இருக்கா? அதைத் தூக்கிட்டு, காத்தை வெளிய விட்டுட்டுத்தான் ஹேண்டிலைச் சுத்துவேன். வேகம் எடுத்ததும் லிவரைத் தட்டி விட்டா 'டுக்குடுக்கு'ன்னு புடிச்சுக்கும். உன் வண்டியில அந்த லிவர் எங்க?"

லிவர் இல்லை. அந்த வேலையை வால்வே தானாகச் செய்கிறது. கிளம்பும் நேரத்தில் ஒரு மயிரிழை திறந்து அழுத்தத்தைக் கசிய விடும். வால்வின் இடைவெளி தேய்ந்து அதிகமாகிவிட்டால் அந்த மயிரிழையும் திறக்காது. மூடியைக் கழற்றி, 0.1 மில்லிமீட்டர் கனமுள்ள தகட்டைச் செருகி, நட்டைத் திருகி வைத்தேன். கிளம்பியது. வாங்கிய புது பேட்டரி இன்னும் கராஜில் சான்றாக இருக்கிறது.

இந்த வருடச் சிக்கல் மௌன வகை. பேட்டரி 12.6 காட்டியது. ஃபியூஸ் நன்றாக இருந்தது. இருக்கை சுவிட்சின் வயரை எலி கடித்திருக்குமோ என்று இருக்கையைத் தூக்கிப் பார்த்தேன். எலி கூடு கட்டிய அடையாளம் இருந்தது, கடித்த அடையாளம் இல்லை. இரண்டு மணி நேரம் படுத்தும் எழுந்தும் முதுகு பிடித்துக்கொண்டது. நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்த அப்பா, டம்ளரை வைத்துவிட்டு வந்தார்.

"இந்த மஞ்சக் குமிழ் ஏன்டா தூக்கிட்டு நிக்குது?"

அது கத்தியின் சுவிட்ச். குளிர்காலம் முழுக்க கராஜில் அந்த வண்டியில் ஏறி விண்வெளிக்குப் போய்வந்த என் ஏழு வயது மகன் அதை இழுத்து வைத்திருக்கிறான். அப்பா ஒரே விரலால் அழுத்தினார். சாவியைத் திருகினேன். கிளம்பியது.

"நகரு" என்று என்னை இறக்கிவிட்டு அவரே ஏறினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வயலில் கலப்பை ஓட்டுகிற நேர்கோட்டில் மூன்று வரிசை போனார். நான்காவதில், புல் சரியாக அறுபடுகிறதா என்று பார்க்க, ஓட்டத்திலேயே இருக்கையிலிருந்து லேசாக எழுந்தார். இஞ்சின் உடனே நின்றது. "திமிரு புடிச்ச வண்டி" என்றார். மறுபடி உட்கார்ந்து, குமிழை அழுத்தி, பெடலை மிதித்து, திருகினார். இப்படி மாலைக்குள் ஏழு முறை எழுந்தார், ஏழு முறை நின்றது. எட்டாவது முறை நின்றதும், புல்லும் தீர்ந்திருந்ததால், அப்படியே இறங்கி உள்ளே வந்துவிட்டார். நான் வண்டியைத் தள்ளிக் கொண்டுபோய் கராஜில் விட்டேன். சாவியை அணைக்க இருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் காலை எழுந்த ஒலிக்கு ஓசை இயலின் முதல் வகையைக் காண்க.