எல்லாம் லோக்கல்தான்

போர்ட் பிளேரில் நான் வளர்ந்த எண்பதுகளில், கௌரவமான காய் என்றால் அது சென்னையிலிருந்து கப்பலில் வந்திருக்க வேண்டும். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடல், மூன்று நாள் பயணம். பிறகு கிடங்கு, மொத்த வியாபாரி, மோகன்புரா மார்க்கெட் என்று இறங்கி இறங்கி எங்கள் சமையலறைக்கு வரும்போது முட்டைக்கோஸ் மேல் இலைகளையெல்லாம் உதிர்த்துப் பாதியாகியிருக்கும். பீன்ஸ் நாராகத் தொங்கும். இருந்தாலும் அது மெட்ராஸ் காய்! விருந்தாளிக்கு அதைத்தான் வைப்போம். புயல் சின்னம் என்று கப்பல் நின்றுவிட்டால் அபர்டீன் பஜாரில் நலம் விசாரிப்பே மாறிவிடும்: "கப்பல் எப்ப வருதாம்?"

கப்பல் வராத நாட்களில்தான் தீவு எங்கள் கண்ணில் படும். வேலியில் தானே படர்ந்த கொடிப்பசலை, சீமைப்பலா, நிழலில் யாரும் விதைக்காமலே முளைக்கும் பர்மா தனியா. விளிம்பில் முள் வைத்த நீள இலை அது. ரசத்தில் ஒன்று கிள்ளிப் போட்டால் பக்கத்து வீடு வரை மணக்கும். ஆனால் கொத்தமல்லிக்கு வழியில்லாதவர்கள் வாங்கும் இலை என்பது அம்மாவின் கட்சி. மங்குளுட்டான், குப்தாபாராப் பக்கமிருந்து வங்காளப் பெண்கள் இதையெல்லாம் கொண்டுவந்து தரையில் கூறு கட்டி விற்பார்கள். 1949 முதல் கிழக்கு வங்கத்து அகதிகளாகக் கொண்டுவந்து குடியேற்றப்பட்ட குடும்பங்கள். காட்டைத் திருத்தி நெல்லும் காயும் போட்டவர்கள். அவர்களை 'தீதி' என்று மரியாதையாகக் கூப்பிடுவோம். அந்த மரியாதையை விலையில் கழித்துக்கொள்வோம்.

இப்போது முட்டைக்கோஸ் பொரியலை எந்த விருந்தாளியும் சீண்டுவதில்லை. அம்மா ஒதுக்கிய பர்மா தனியா ரிசார்ட்டில் 'தீவின் மூலிகை'யாகிப் பொரித்த மீன் மேல் சாய்ந்திருக்கிறது. விலையைச் சொன்னால் அம்மா மீனோடு சேர்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்.

நீல் தீவின் கதை இன்னும் வேடிக்கை. அந்தமானின் காய்கறிக் கூடை என்று பெயரெடுத்த தீவு அது. பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர், ராம்நகர் என்று ராமாயணத்தையே ஊர்களாக்கிக் குடியிருந்தவர்கள், கத்தரியும் பாகலும் விளைவித்து போட்டில் போர்ட் பிளேருக்கு அனுப்பினார்கள். 2018-ல் நீல், ஷஹீத் த்வீப் ஆனது. 2024-ல் போர்ட் பிளேரும் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பெயர் மாறியதில் கத்தரிக்காய்க்கு ஒரு நஷ்டமும் இல்லை. காட்டேஜ்கள் வந்ததில்தான் நஷ்டம். பாகல் பந்தல் இருந்த இடத்தில் நாலு அறை கட்டினால் என்ன வரும் என்று கணக்குப் போட்டவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்; பாகற்காய்க்கு ஊர் கொடுத்த விலை அப்படி. அந்த அறைகளில் தங்குகிறவர்களுக்கான உருளையும் வெங்காயமும் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு வந்து, அங்கிருந்து காய்கறிக் கூடைக்கே படகேறிப் போகின்றன.

விளைநிலம் கடலுக்கும் போனது. 2004 டிசம்பர் நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் வயல்களுக்குள் வந்த கடல்நீர் திரும்பிப் போகவே இல்லை. நெல் விளைந்த இடத்தில் இன்று நீளமான லென்ஸ்களோடு பறவை பார்க்க வருகிறார்கள். நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் காடாக இருக்கும் தீவுகளில் வயல் என்று மிஞ்சுவதே கொஞ்சம். 2011 கணக்கெடுப்பில் நாங்கள் 3,80,581 பேர். கொரோனாவுக்கு முன்பே ஆண்டுக்கு 4 லட்சத்துக்கு மேல் சுற்றுலாப் பயணிகள் வந்துபோனார்கள். இத்தனை பேருக்கும் லோக்கல் வேண்டுமென்றால் எங்கே போவது?

வியாபாரிகள் வழி கண்டுபிடித்துவிட்டார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த சித்தப்பா மகன், "அண்ணே, லோக்கல் காயா வாங்கிச் சமைப்போம்" என்று மார்க்கெட்டுக்கு இழுத்துப் போனான். பெட்டியில் அடுக்கியிருந்த தக்காளியைக் காட்டி "லோக்கலா?" என்றான். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "எல்லாம் லோக்கல்தான், சார்." கோயம்பேடு வழியாக அவனுக்கு முன்பே கப்பலேறிய தக்காளியை, கேட்ட விலைக்கு இரண்டு கிலோ வாங்கினான். நாலடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருந்த தீதியிடம் போனதும் பழைய புத்தி வந்துவிட்டது. கொடிப்பசலைக் கட்டுக்கு அஞ்சு ரூபாய் குறைக்கச் சொல்லி நின்றான். அது அன்று காலையில் அவர் வீட்டு வேலியில் பறித்தது.

அந்தமானுக்கு வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். 'லோக்கலா?' என்று கேட்காதீர்கள், அதற்கு இங்கே ஒரே பதில்தான். எந்த ஊர்த் தோட்டம் என்று கேளுங்கள். மங்குளுட்டான், குப்தாபாரா, நீல் என்று சட்டென்று ஊர்ப் பெயர் சொல்கிறவரிடம் சொன்ன விலைக்கு வாங்குங்கள். பேரம் பேசியே தீர வேண்டுமென்றால் ரிசார்ட்டில் பேசிப் பாருங்கள்.