மலைக்குப் போற பேராண்டிக்கு

ஏன்டா பேராண்டி, கொடைக்கானல் மலையில செடிய காப்பாத்தத் தொண்டரா போறியாமே? உங்கம்மா தெருவெல்லாம் சொல்லிட்டு வர்றா. நம்ம கொல்லையில கோரை மண்டிக் கெடக்கு, குனிஞ்சு ஒண்ணு புடுங்க ஆளக் காணும். பரவால்ல, மலை கொஞ்சம் ஒசந்த எடம், பேரும் ஒசரும். விருத்தாசலத்துல ரயிலேறு முன்னால நாலு வார்த்த கேட்டுட்டுப் போ.

மொதல்ல, மரம் நடணும்ங்கற ஆசைய இங்கியே எறக்கி வெச்சிடு. அந்த மலைக்கு வந்த கேடே மரம் நட்டதாலதான். கொடைக்கானல் இருக்கற பழனி மலை மேல பள்ளத்துல சோலை, மேட்டுல புல்லு, அங்கங்க புல்லு நடுவுல ஒத்தையா காட்டுப்பூவரசு. இப்படித்தான் ஆதியிலேருந்து. வெள்ளக்காரன் வந்து பாத்தான். 'புல்லுதானே, சும்மாதானே கெடக்கு'ன்னு ஆஸ்திரேலியாவுலேருந்து சீகை மரத்தயும் தைல மரத்தயும் கொண்டாந்து எறக்கினான். அவன் கப்பலேறின பெறவு நம்ம சர்க்காரு அதவிட ஆசையா மல மலையா நட்டுது. பட்டை தோல் பதனிட, கட்டை மரக்கூழுக்கு. நட்டவன் எவனும் கெடுதல் பண்றன்னு நெனைக்கல, உன்ன மாதிரியே நல்ல புள்ளைங்கதான். மழைய வாங்கி வெச்சிருந்து கோடையில ஓடைக்கு வுட்ட புல்லு போயிடுச்சு.

'அப்ப அத்தனையும் வெட்டிச் சாய்ச்சிடறன் தாத்தா'ன்னு துள்ளாத. சீகை வெதை மண்ணுக்குள்ள பல வருஷம் சாவாம கெடக்கும். வெட்டினா, நெருப்பு வெச்சா, அதுக்குக் கல்யாண அழைப்பு வந்தாப்புல எழும்பி வரும். இதுல இன்னொரு கூத்தும் உண்டு. வயசான சீகை மர நெழல்ல, குருவி போட்ட எச்சத்துல, சோலைக் கன்னுங்க தானாவே மொளைச்சு நிக்குதாம். இங்கிலாந்துலேருந்து வந்து வட்டக்கானல்ல குடியேறி, சோலை மரத்துக்குன்னே நாத்தங்கால் போட்ட பாப் ஸ்டூவர்ட்டும் டான்யா பால்கரும் இதத்தான் படிச்சுப் படிச்சு சொன்னாங்க. சீகைய ஒரேயடியா வெட்டினா கூட இருக்கற சோலையும் சேந்து போயிடும்னாங்க. ரெண்டு பேருமே இப்ப இல்ல. அவங்களுக்கு அந்த மலையில தாத்தன் சொத்தா இருந்துது? போவட்டும், உனக்குத்தான் இங்க ஒன்ற ஏக்கரா இருக்கே.

என்னா வேல குடுத்தாலும் செய்யி. பை நெரப்பச் சொன்னா மண்ண நெரப்பு, வெதை பொறுக்கச் சொன்னா பொறுக்கு. சோலை மரத்து வெதை மாசக்கணக்குல தூங்கும், உன்னவிட மோசம். செடி பேரு தெரியலன்னா கூகுளக் கேக்காம கூட இருக்கற மலைக்காரனக் கேளு. மாத்யூன்னு ஒரு பாதிரியாரு, திருச்சி ராபினட் ஹெர்பேரியத்துல இருந்தவரு, பழனி மலைச் செடிங்களப் பத்திப் பெரிய புஸ்தகம் போட்டாரு. வருஷக்கணக்குல மலையேறி மலையேறித்தான் அது 1999ல வந்துது. நீ மூணு நாளுல மூணு ரீல் போட்டுட்டு 'இயற்கை ஆர்வலர்'னு பட்டம் போட்டுக்குவ, எனக்குத் தெரியாதா?

குறிஞ்சி பாக்கலாம்னு வேற சொன்னியாம். கொடைக்கானல்ல 2006ல பூத்துது, 2018ல பூத்துது, இனிமே 2030தான். அதுவரைக்கும் தழையத்தான் பாக்கணும். பூவில்லாத வருஷம் போயி தழையக் காக்கறவன்தான் எனக்கு வேணும். பூத்தப்ப வந்து மிதிக்கறவனுங்க ஏற்கெனவே நெறைய.

அங்க போயி 'அன்னிய மரம் ஒழிக'ன்னு பாட்டுப் பாடாத. உன் படிப்புக்குப் பணங் கட்டின முந்திரி பிரேசில்லேருந்து போர்த்துக்கீசுக்காரன் கொண்டாந்தது. விருத்தாசலம் ஆராய்ச்சிப் பண்ணையில அதுக்கு வி.ஆர்.ஐ-3ன்னு ரகமே எடுத்து வெச்சிருக்கான். வெளியூருன்னு வெரட்டறதுக்கில்ல, எந்த எடத்துல எது நிக்கணும்ங்கறதுதான் கேள்வி. முந்திரி நம்ம செம்மண்ணுல இருக்கட்டும், நீ உன் வாய மூடு.

கடைசியா, செருப்பையும் கால்சட்ட மடிப்பையும் கொடைக்கானல் ரோடு ஸ்டேஷன்ல எறங்குனதும் நல்லா ஒதறு. நம்மூரு பார்த்தீனியம் வெதை உன் கூடவே மலையேறிடப் போவுது. அதுக்கு டிக்கெட்டும் வேணாம், தொண்டர்ங்கற பேரும் வேணாம்.