மூச்சும் பேச்சும்

முதல் மாரத்தானுக்குத் தயாராகிறவர் கேட்கும் அறிவுரைகளிலேயே கொடுமையானது, "மெதுவா ஓடுங்க" என்பதுதான். 42.195 கிலோமீட்டரை 5 மணி நேரத்தில் முடிக்க, கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 நொடி. அதே வேகத்தைக் கடைசிவரை விடாமல் பிடிக்க வேண்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு, காலுக்குத்தான் புரியாது. பெசன்ட் நகர் கடற்கரையில் வேட்டியை மடித்துக் கட்டிய பெரியவர் ஒருவர் நம்மை முந்திப் போனால், அதற்குமேல் அது பயிற்சி அல்ல, மானப் பிரச்சினை.

இதே தூரத்தை 2019இல் வியன்னாவில் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடி முடித்தார். மாறி மாறித் துணைக்கு ஓட 41 பேர். முன்னால் போன கார் சாலையில் லேசர் கோடு போட்டு வேகம் காட்டியது. எனக்கு வாய்த்தவர் மேல்வீட்டு சார். வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். குடியிருப்போர் சங்கத்தின் முன்னாள் பொருளாளர்.

ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் வேகம் சரி என்பது ஓட்டக்காரர்களின் பழைய சோதனை. சார் அதற்குப் பாடத்திட்டமே வகுத்துவிட்டார். பராமரிப்புக் கட்டணம் ஏன் ஏறியது என்பதை லிஃப்ட் ரிப்பேர் உட்பட விளக்க முடிந்தால் மாரத்தான் வேகம். "லிஃப்ட்... கம்பெனிக்காரன்..." என்று துண்டு துண்டாக வந்தால் அரை மாரத்தான் வேகம். "ஆமா சார்" மட்டும் வந்தால் பத்து கிலோமீட்டர் வேகம். நான் பேசாமல் ஓடினால், "தம்பி, மூச்சு வாங்குது பாருங்க, குறைச்சுக்குங்க" என்பார். எனக்கு வாங்கியது பெருமூச்சு.

ஆனால் முறை என்னவோ சரிதான். சென்னைப் புழுக்கத்தில் வியர்வை உலராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக அடித்துக்கொள்ளும். கைக்கடிகாரம் நேற்றைய வேகத்தையே இன்றும் கேட்கும். நாக்குத்தான் முதலில் உண்மையைச் சொல்லும்.

அவசரப்பட்டால் தண்டனை 30 கிலோமீட்டருக்கு மேல் காத்திருக்கிறது. உடம்பில் சேமித்த கிளைக்கோஜன் என்ற எரிபொருள் பலருக்கும் அந்தப் பக்கம்தான் தீரும். ஆரம்பத்தில் பறந்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். தொடையைப் பிடித்துக்கொண்டு சாலையோரம் நிற்பார்கள். "என்ன சார், தசைப்பிடிப்பா? எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று தடையில்லாமல் விசாரித்துக்கொண்டே அவர்களைக் கடக்க முடிந்தால், நிதானம் கைவந்துவிட்டது என்று அர்த்தம். பராமரிப்புக் கட்டணத்தை மட்டும் ஆரம்பிக்காதீர்கள். பாவம், அவர்களால் தப்பி ஓடவும் முடியாது.