ஏலேயும் எலாவும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எல்லையோர அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வரும் ஆசிரியர்களில் வெளியூர்க்காரர்கள் நிறையப் பேர். பிளஸ் டூ முடித்து, ஈராண்டு பட்டயப் படிப்பு படித்து, தகுதித் தேர்விலும் நியமனப் போட்டித் தேர்விலும் தேறி, கலந்தாய்வில் போய் உட்கார்ந்தால் திரையில் மிச்சமிருப்பவை பெரும்பாலும் வடமாவட்டக் காலியிடங்கள்தான். ஓசூர், தளி, அஞ்செட்டி என்ற பெயர்களில் வாயில் நுழைகிற ஒன்றைத் திருநெல்வேலிக்காரர் எடுத்துக்கொள்கிறார். சார்ட் அட்டையில் படம் வரையவும் களிமண்ணில் மாம்பழம் செய்யவும் அவருக்குத் தெரியும். அங்கே பல பிள்ளைகள் வீட்டில் பேசும் தெலுங்கு தெரியாது. கன்னடம், சினிமா போஸ்டர் அளவுக்குத் தெரியும்.

குழப்பம் ஊர்ப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. வேப்பனஹள்ளியை வேப்பனப்பள்ளி என்றும் எழுதுவார்கள். கன்னடத்தில் ஹள்ளி என்றாலும் தெலுங்கில் பல்லெ என்றாலும் சிற்றூர். இன்றைய தமிழில் மட்டும் பள்ளி என்பது மணி அடித்தால் வீட்டுக்கு ஓடுகிற இடம். தமிழின் முதலெழுத்துப் பகரம் கன்னடத்தில் பல சொற்களில் ஹகரமாகும்: பால் ஹாலு, பூ ஹூவு, புலி ஹுலி, பத்து ஹத்து. இந்த விதியைக் கண்டுபிடித்த ஆசிரியர் இரண்டு நாள் பண்டிதராக உலவுவார். மூன்றாம் நாள் ஒரு குழந்தையிடம், “ஹாட்டி வீட்டில் இருக்காங்களா?” என்று கேட்பார். கன்னடத்தில் பாட்டிக்கு அஜ்ஜி என்று பெயர்.

தெலுங்கு இன்னும் நெருக்கமாக வந்து காலை வாரும். நெல்லை ஆசிரியர் “ஏலே” என்று அதட்டினால் பிள்ளையின் காதில் அது “எலா” என்று விழுகிறது. எலா என்றால் எப்படி. எது எப்படி என்று தெரியாமல் பிள்ளை விழிக்கிறது; திமிரைப் பார் என்று ஆசிரியர் நினைக்கிறார். “சொல்லு” என்றால் வராத பதில் “செப்பு” என்றால் வந்துவிடும். செப்பு பழந்தமிழ்ச் சொல்லும்கூட. ஆகவே தெலுங்குக்கு இறங்கிப்போனதாக ஆசிரியர் வெட்கப்பட வேண்டியதில்லை. தமிழ் கற்றல் சட்டம் வந்தது 2006இல். அதன்படி எந்த வீட்டு மொழிப் பிள்ளைக்கும் முதல் வகுப்பிலிருந்து தமிழ் கட்டாயப் பாடம். ஆசிரியர் எந்த மொழியைக் கற்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்துகொள்கிறார்கள்.

இதற்கு நடுவில்தான் தொழில்நுட்பம் வந்தது. தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள், ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள் என அரசு அறிவித்த எண்ணிக்கையில் குறை சொல்ல முடியாது. சிக்னல் மட்டும் எண்ணிக்கையில் அடங்காது. காலையில் வருகைப்பதிவு எமிஸ் என்ற கல்வித் துறை இணையதளத்தில் ஏறியாக வேண்டும். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் கிடக்கும் துவைகல்லின்மேல் ஏறி, கையை மேற்கே நீட்டினால் இரண்டு கோடு கிடைக்கும். சில நாள் அதுவும் கர்நாடகத்துக் கோபுரத்தின் தயவு. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் கல்மேல் நின்றால் மற்றவருக்கு ஐந்து வகுப்பு. மழைக்காலத்தில் குடை பிடிக்க ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒருவன் போவான். அன்று அவன் வருகை மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாதது.

ஸ்மார்ட் பலகையில் வரும் அக்கா தெளிவான தமிழ் பேசுவார். “குட்டீஸ், இது என்ன நிறம்?” என்று கேட்டு, மூன்று நொடி காதில் கைவைத்துக் காத்திருந்து, “அருமை! சரியாகச் சொன்னீர்கள்!” என்று கைதட்டுவார். வகுப்பில் ஒருவரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். பேசாமல் இருப்பதே சரியான விடை என்று முதல் வகுப்பு ஒரு வாரத்தில் கற்றுக்கொள்கிறது.

ஆகவே பக்கத்து வகுப்பிலிருந்து ஒரு சிறுமி வரவழைக்கப்படுகிறாள். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளியில் தமிழ் என்று மூன்றும் தெரிந்தவள். அக்கா கேட்டதும் படத்தை நிறுத்தச் சொல்லி, “ஏ ரங்குரா?” என்று ஒரே அதட்டல். மொத்த வகுப்பும் “எர்ரகா!” என்கிறது. “சார், செவப்புன்னு சொல்றாங்க” என்று ஆசிரியருக்கும் பெயர்த்துச் சொல்லிவிட்டு, பாதியில் விட்ட கணக்கைப் போட ஓடிவிடுவாள். கரண்ட் போனாலும் அவள் வேலை செய்வாள்.

மூன்று நான்கு ஆண்டுகளில் ஆசிரியர் தெலுங்கில் அதட்டவும் கன்னடத்தில் சமாதானம் சொல்லவும் பழகிவிடுகிறார். அந்தச் சமயம் பார்த்து இடமாறுதல் கலந்தாய்வு வருகிறது. பீரோ சாவி, ரிமோட், இரண்டு ஸ்கிப்பிங் கயிறு, காற்றில்லாத பந்து ஒன்று என எல்லாவற்றையும் எண்ணிக் கையெழுத்துப் போட்டு ஒப்படைத்துவிட்டு நெல்லைக்கு பஸ் ஏறுகிறார். இருப்புப் பதிவேட்டில் தெலுங்குக்கு வரிசை எண் கிடையாது. அடுத்து வருபவருக்குச் சொந்த ஊர் விருதுநகர்.